சைட்டா, சந்தனமா?

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த கணக்கு ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. நம்மிடம் கணக்குக் கொடுத்திருக்கும் பார்ட்டிக்குச் சங்கடமான சேதி சொல்ல யாராவது போனைக் கையில் எடுத்தால், பக்கத்து மேசையில் இருப்பவர் தலையைத் தூக்காமலே கேட்பார்: "சைட்டா, சந்தனமா?" போனை எடுத்தவர் கொஞ்சம் யோசிப்பார். பிறகுதான் நம்பரைப் போடுவார். போன மாதம் உங்களையெல்லாம் எட்டிப் பார்க்க வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண், "அது என்னக்கா, ஏதாவது பூஜை விஷயமா?" என்று கேட்டாள். பாதி பூஜைதான். மீதியைச் சொல்கிறேன். எனக்கு இப்போது ரிட்டர்னும் கிடையாது, கடைசித் தேதியும் கிடையாது. நிதானமாகவே சொல்லலாம்.

முதலில் ஒன்று. நீங்கள் எல்லாரும் காலேஜில் கணக்குப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் இந்த மாதிரிச் சின்ன ஆபீஸில் கணக்குப் பார்ப்பது வேலையில் பாதிகூட இல்லை. கூட்டல் கழித்தலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஆளுங்களுடைய பயத்தை நாம்தான் பார்க்க வேண்டும். டோல்கேட் பெயிண்ட் கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். ஆட்டோ பிடித்து வந்து நம் மாடிப்படி ஏறிவிடுவார். மூச்சு வாங்கும். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, கவரைப் பிரித்துப் பார்த்தால், முகவரியைச் சரிபார்க்கச் சொல்லி வந்த கடிதமாக இருக்கும். அவர் எழுந்து போகும்போது பார்க்க வேண்டும், மாப்பிள்ளை நடை நடப்பார். அவர்களுக்கு நாம்தான் தைரியம். நம் வாயிலிருந்து எது வந்தாலும் நம்பிவிடுவார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம் இருக்கிறது. சேர்ந்த முதல் வாரமே உங்கள் காதில் விழுந்திருக்கும். "சைட் போகல." அரசாங்கத் தளம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கடைசித் தேதிகளில் அது உண்மையாகவே படுத்துவிடும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் படுக்காத நாளிலும் நாம் அதைத்தான் சொல்வோம். பில்லைப் பார்க்க மறந்துவிட்டோமா, சைட் போகல. மதியம் பிரியாணி தின்றுவிட்டுக் கண் அசந்துவிட்டோமா, சைட் போகல. இதில் என்ன வசதி என்றால், பார்ட்டி நம்மைத் திட்ட மாட்டார். அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் போனை வைத்துவிடுவார். நமக்குக் கெட்ட பேரும் இல்லை, அவருக்குக் கோபமும் தீர்ந்தது. இப்படி ஒரு பொய் வேறு எந்தத் தொழிலிலும் கிடைக்காது. நானும் எங்கள் ஆபீஸில் எல்லாரும் அதைத் தாராளமாகப் புழங்கியவர்கள்தான்.

எங்கள் ஆபீஸ் என்றால் மூன்றே பேர். சார், நான், யாஸ்மின். கீழே மீன்வலைக் கடை, மேலே நாங்கள். சார் தென்காசிப் பக்கத்துக் கடைக்காரக் குடும்பம். அப்பா தண்டையார்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்தார், மகன் ஆடிட்டர் ஆனார். எனக்குத் தொழில் தெரியும் என்றால் அது அவரிடம் கற்றதுதான். கை சுத்தம், வேலை சுத்தம். வேலையில் ஒரு தப்பு அவரிடமிருந்து வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே தப்பு வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். யாஸ்மின் எனக்குப் பிறகு வந்தவள். அவளுக்குப் பதற்றம் என்ற ஒன்றை ஆண்டவன் வைக்கவே இல்லை. தீப்பிடித்தாலும், "அக்கா, லேசா புகையற மாதிரி இருக்கு" என்பாள்.

ஆயுத பூஜையை நம் பக்கத்தில் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரி முதல் பஞ்சர் கடைப் பம்பு வரைக்கும் பொட்டு வைத்துக்கொள்ளும். சாரும் விடமாட்டார். லீவுக்கு முந்தின சாயங்காலமே பூஜையைப் போட்டுவிடுவார். கம்ப்யூட்டர், பிரின்டர், கால்குலேட்டர், ஸ்டேப்ளர், கதவுப் பூட்டு, எதையும் விடாமல் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைப்பார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், தாராளமாக. பூ வாங்கி வருவது யாஸ்மின் வேலை. பேரம் பேச அவளை விட்டால் ஆள் கிடையாது. பூஜை முடிந்தால் அத்தனை ஆயுதமும் ஓய்வில் இருக்கும். லீவு முடிந்து ஆபீஸ் திறக்கும் நாளில்தான் மறுபடி தொடுவோம்.

அந்த வருஷம் அவர் டோக்கன்களையும் தட்டில் வைத்தார். டோக்கன் என்றால் பென்டிரைவ் மாதிரி இருக்கும், கம்ப்யூட்டரில் சொருகுவது. ஒவ்வொரு பார்ட்டியின் கையெழுத்தும் அதற்குள் இருக்கும். சொருகினால்தான் அவர் கையெழுத்துப் போட்டதாகக் கணக்கு. அவரவர் டோக்கனை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முறை. ஆனால் ஊரில் எந்தச் சின்ன ஆபீஸில் அது நடக்கிறது? "உங்ககிட்டயே இருக்கட்டும் சார், எங்க வூட்ல இருந்தா பசங்க எடுத்து டிவில சொருகும்" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். தட்டில் வெற்றிலை அடுக்குகிற மாதிரி அவற்றை அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் சார் ஒரு பொட்டு வைத்தார். எல்லாவற்றுக்கும் மூடி இருந்தது. ஒன்றுக்கு மட்டும் மூடி தொலைந்து போயிருந்தது. அது ஃபிலோமினாவுடையது.

ஃபிலோமினா எர்ணாவூரில் ஒரு பட்டறை நடத்துகிறவள். இரும்பு ஏணி, படிக்கட்டு, நடைமேடை, இதெல்லாம் செய்வது, பழுது பார்ப்பது. புருஷன் ஆரம்பித்த பட்டறை. அவர் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போன பிறகு இவள் எடுத்துக்கொண்டாள். வெல்டிங் தெரியாது, ஆனால் வெல்டிங் சரியில்லை என்றால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். எண்ணூர் பக்கத்து எண்ணெய்க் கிடங்கு ஒன்றில், டிப்போ என்பார்கள், வருஷம் முழுக்க ஏணிகளைப் பழுது பார்க்கும் வேலை அவளிடம் இருந்தது. அதுதான் பட்டறைக்குச் சோறு. மற்ற வேலையெல்லாம் ஊறுகாய். அந்த வருஷ ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அடுத்ததற்கு ஆன்லைனில் டெண்டர் வந்திருந்தது. கெடு, லீவு முடிந்து ஆபீஸ் திறக்கும் அன்றைக்கு மதியம் மூன்று மணி.

ஏன் முன்னாடியே போடவில்லை என்று கேட்பீர்கள். டெண்டர் விலையை யாரும் முன்னாடி போட மாட்டார்கள். கடைசி நாள் காலையில்தான் விலை சொல்வார்கள், அதுவும் ரகசியமாக. எர்ணாவூரில் பட்டறைச் சுவருக்கும் காது உண்டு. ஃபிலோமினா மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் பட்டறையில் பூசணிக்காய் உடைப்பதை நிறுத்தியதில்லை. ஆளுங்களுக்குப் பொரி கடலை கொடுக்கும்போது, "அடுத்த வருசமும் டிப்போ வேலை நம்புளுதுதான், யாரும் வேற எடம் தேடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதில் ஒருத்தன் அந்த வார்த்தையை நம்பி, மணலியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இதெல்லாம் ஆபீஸ் திறந்த அன்று காலையில் அவளே போனில் என்னிடம் சொன்னது. விலையையும் கிசுகிசுத்துவிட்டு, "போட்டுட்டு ஒரு வார்த்த சொல்லுக்கா" என்று வைத்தாள்.

நான் டோக்கனைச் சொருகினேன். ஒன்றும் இல்லை. எடுத்துத் துடைத்துச் சொருகினேன். வேறு கம்ப்யூட்டரில் சொருகினேன். எதிலும் எழுந்திருக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் பன்னீர் வாசனை. வாய்க்குள்ளே சந்தனம் போய் இறுகிக் கிடந்தது. யாஸ்மின் குண்டூசியால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தாள். "அக்கா, இது அடங்கிடுச்சு போல" என்றாள்.

சார் அவர் அறையிலிருந்து வந்தார். டோக்கனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. மெதுவாகச் சொன்னார், "ஃபிலோமினாவுக்குப் போன் போட்டு, சைட் போகலன்னு சொல்லிருங்க. அதுக்குள்ள ஏதாச்சும் வழி பாப்போம்."

அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் எல்லார் வாயிலும் முதலில் வருவது அதுதான். வழி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. புதுக் கையெழுத்து வாங்கி, நம்மிடம் இருக்கும் வேறு காலி டோக்கனில் ஏற்றலாம். ஆனால் அதற்கு அவள் போனுக்கு நம்பர் வரும், அதைச் சொல்ல வேண்டும். அவள் முகத்தைக் காட்டி, பான் கார்டைக் கையில் பிடித்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அதைக் கையெழுத்து வழங்கும் கம்பெனிக்காரர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். சார் என்ன நினைத்தார் என்றால், இப்போதைக்கு அவளைச் சமாதானமாக வைத்துவிட்டு, எதையாவது காரணம் சொல்லி அப்புறம் வீடியோ கேட்டுக்கொள்ளலாம் என்று.

நான் நம்பரைப் போட்டேன். மணி அடிக்கிறது. சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருக்கிறது. ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். ஆனால் அந்த மணி அடிக்கிற நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சரி, சைட் போகல என்று சொல்கிறேன். இவள் அடுத்து என்ன செய்வாள்? மற்ற நேரத்தில் அந்தப் பொய்யைக் கேட்டுவிட்டுப் பார்ட்டி செய்ய வேண்டியது ஒன்றும் இருக்காது. சும்மா உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார். இன்றைக்கு அப்படியில்லை. இன்றைக்கு இவள் கையும் முகமும் போனும் நமக்கு உடனே வேண்டும். வேண்டியவளைப் பார்த்து, நீ போய் உன் வேலையைப் பார் என்றா சொல்வது?

"இன்னாக்கா, போட்டாச்சா?" என்றாள். பின்னால் லாரி ஹாரன் காதைக் கிழித்தது.

"போடல ஃபிலோமினா. உன் டோக்கன் போயிடுச்சு. பூஜைல வெச்சோம், சந்தனம் உள்ள பூந்து கெட்டுப்போச்சு. தப்பு எங்க பேர்ல. புதுசு வாங்கலாம், ஆனா அதுக்கு நீ வேணும், இப்பவே வேணும்."

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் என்னைக் கடித்துக் குதறப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாக்கா சொல்ற நீ?" ஃபிலோமினா ஹாரனுக்கு மேலே கத்தினாள். "நான் ஆளுங்களாண்ட வாய விட்டுக்கினு வந்துகீறேன்க்கா. அந்த வேலை இல்லன்னா பட்டறைய நான் இன்னாத்துக்குத் தொறக்கணும்? சந்தனமாம். இன்னா ஆபீசு நடத்துறீங்க நீங்க?"

சார் கையை நீட்டிப் போனை வாங்கினார். "அம்மா, நாந்தான் வெச்சேன். அவங்க இல்ல, நான். என்னை அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, கேட்டுக்கிடுதேன். இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. பான் கார்டு கையில இருக்கா?"

அவருக்குப் பதற்றம் வந்தால்தான் ஊர்ப் பேச்சு வரும். அவள் சொன்ன பதில் எனக்கும் கேட்டது: "சாமிக்குன்னு வெச்சீங்க. சாமிய திட்டவா முடியும். கார்டு பையில கீது. இன்னா பண்ணணும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு நடந்த சங்கதிகளை விலாவாரியாகச் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். அதெல்லாம் நீங்களே செய்கிற வேலைதான். சார் விண்ணப்பத்தை நிரப்பினார். அவர் கை தட்டச்சில் தடுமாறி நான் அன்றுதான் பார்த்தேன். யாஸ்மின் டெண்டர் தளத்தின் உதவி மையத்துக்குப் போன் போட்டு, பழைய கையெழுத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். இவள் அந்தப் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே காத்திருந்தாள். ஃபிலோமினா நம்பர்களைச் சரியாகச் சொன்னாள். வீடியோவும் வந்து சேர்ந்தது.

வீடியோவை நிராகரித்துவிட்டார்கள். ஹாரன் சத்தத்தில் அவள் பேசுவது கேட்கவில்லையாம்.

"அக்கா, இது மெயின் ரோடு. லாரிங்க வரிசைல நிக்குது. எங்கக்கா போவேன்?" என்றாள். நான், "பக்கத்துல ஏதாவது ரூம் இருக்கா பாரு" என்றேன். யாரிடமோ கெஞ்சுகிற குரல் கேட்டது. ஒரு ஆண் குரல், "அட வா தாயி, இத்த முன்னாடியே சொல்லக்கூடாதா, நம்ம கேபின் சும்மாதான் கீது" என்றது. டிப்போ வாசலில் இருந்த செக்யூரிட்டி. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது வீடியோ எடுத்தாள்.

அதையும் நிராகரித்தார்கள். பின்னால் வேறொரு முகம் தெரிகிறதாம். பார்த்தால், அந்தச் செக்யூரிட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கல்யாண வீடியோவில் நிற்கிற மாதிரி சிரித்த முகத்தோடு. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மணி ஓடிக்கொண்டிருந்தது.

"நைனா, நீ கொஞ்சம் அப்பால போயேன், உன் மூஞ்சியால என் பொழப்பு போவுது" என்று ஃபிலோமினா சொன்னது எனக்குப் போனிலேயே கேட்டது. "இன்னாமா, நான் இன்னா பண்ணேன்?" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டே போனார். மூன்றாவது வீடியோவை ஒப்புக்கொண்டார்கள். உதவி மையத்தின் பாட்டும் ஒருவழியாக நின்று, ஒரு மனிதக் குரல் பேசியது. புது டோக்கனைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. அந்தச் சின்ன விளக்கைப் பார்த்து நான் கும்பிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

விலையைப் போட்டு, கையெழுத்து ஏற்றி, கடைசிப் பொத்தானை அமுக்கினேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு ஒப்புகைச் சீட்டு வந்தது. கெடுவுக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். யாஸ்மின், "முடிஞ்சிடுச்சாக்கா? அப்ப சாப்பிடலாமா?" என்றாள். சார் எழுந்து போய், பூஜைக்கு வைத்த பொரி மிச்சம் இருந்ததை எடுத்துவந்து நின்றபடியே தின்றார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஃபிலோமினா வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தோம். சார் எழுந்தே நின்றுவிட்டார். அவள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அக்கா, நீ போன் பண்ண சொல்லோ நான் எங்க நின்னேன் தெரியுமா? டிப்போ கேட்ல. உள்ள டேங்க் ஏணிக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். அங்க போனு உள்ள வுட மாட்டாங்கோ, வாசல்லயே வாங்கி பெட்டில போட்டுக்குவாங்கோ. போன ஆஃப் பண்ணி குடுக்கலாம்னு எடுக்கறேன், அந்த செக்யூரிட்டி கைய நீட்டிக்கினு இருக்கான், அப்பப் பாத்து உன் போனு. உள்ள பூந்தா சாயந்தரந்தான் வெளிய வரணும். நீ மட்டும் சைட்டு போகல, அப்பால போடறேன்னு சொல்லியிருந்தா, சரிக்கான்னு சொல்லிட்டுப் போன குடுத்துட்டுப் போயிருப்பேன்."

அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் அந்த நிமிஷத்தில் விளங்கியது. நான் உண்மை சொன்னது, பொய்யே சொல்லாதவள் என்பதால் இல்லை. அவள் அடுத்து என்ன செய்வாள் என்று ஒரு நொடி யோசித்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு நொடி இல்லாமல் போயிருந்தால் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அப்பாடா என்றுதான் இருக்கும்.

ஒப்பந்தம் அவளுக்கே கிடைத்தது. மணலி வேலையை விட்டவனும் பட்டறையிலேயே இருக்கிறான். கெட்டுப்போன டோக்கனை சார் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தட்டில் அதை ஒன்றை மட்டும்தான் வைக்கிறார், எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளட்டும் என்று. மற்ற டோக்கன்கள் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கும், மூடி போட்டு. அன்றைக்கு ஃபிலோமினா போன பிறகு அவர் எங்களிடம் சொன்னது ஒன்றுதான். "இனி நம்ம ஆபீஸ்ல சைட் போகலன்னு சொன்னா, நெசமாவே சைட் போகாம இருக்கணும்."

பிள்ளைகளே, இதைக் கடைப்பிடிப்பது லேசு என்று நினைக்காதீர்கள். மறந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்லும்போது பார்ட்டி கத்துவார். டோல்கேட் பெயிண்ட் கடைக்காரர் என்னை ஒரு தடவை மாடிப்படியில் நின்று தெருவே கேட்கத் திட்டினார். கேட்டுக்கொள்ளுங்கள். திட்டி முடித்ததும், "சரி, இப்ப இன்னா பண்ணலாம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பொய் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி வரவே வராது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கடைசித் தேதியில் தளம் உண்மையாகவே படுத்துவிட்டது. காலையிலிருந்து வட்டம் சுற்றுகிறது, உள்ளே போகவில்லை. ஒவ்வொரு பார்ட்டிக்காகப் போன் போட்டோம். முக்கால்வாசிப் பேர் நம்பவில்லை. வேறு ஆபீஸ்களில் பழகி வந்தவர்கள். "தெரியும் தெரியும், எல்லாரும் இத்தத்தான் சொல்றீங்க" என்றார்கள். ஒருவர் நேரில் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பேசிப் பேசித் தொண்டை வறண்டு, கடைசியாக ஃபிலோமினாவுக்குப் போட்டேன்.

"சைட் போகல ஃபிலோமினா" என்றேன்.

பட்டறையில் யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்டாள், "சைட்டா, சந்தனமா?"

"சைட்டுதாம்மா."

"செரிக்கா. அப்ப நான் சாப்ட்டு வரேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.